ஓக் கொட்டை பறித்த ஜன்னல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். அடுத்தவரைப் படுத்துகிறவர்களுக்கு ஒரு தலைவலிகூட வருவதில்லை.

சின்ன வயதில் ரயிலில் போனபோது, "வாந்தி வருதுக்கா" என்று சொல்லி என் ஜன்னல் சீட்டைப் பிடுங்கிக்கொண்டாயே, இறங்கும்வரை ஒரு தடவையாவது வாந்தி எடுத்தாயா? நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. இப்போது என் வீட்டு ஜன்னலையே பிடுங்கிவிட்டாய். போன தடவை வந்தபோது, பூங்காவில் பொறுக்கினேன் என்று தொப்பி போட்ட ஓக் மரக் கொட்டைகளை ஒரு பை நிறைய என் மருமகள் கையில் கொடுத்து, "வீட்டுக்குள்ளயே வளர்க்கலாம்மா" என்றாய் அல்லவா? அன்றைக்குப் பிடித்தது சனி. எது நல்லது, எது சொத்தை என்று பார்க்க அவள் எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் போட்டாள், அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது, "மிதக்கிறதை எல்லாம் எடுத்துடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நானும் எடுத்தேன். மிதந்ததைப் பொறுக்கி, துடைத்து, பத்திரமாகத் தட்டில் வைத்துவிட்டு, அடியில் கிடந்ததைத் தண்ணீரோடு முற்றத்தில் கொட்டினேன். எடு என்றால் எடுத்து வை என்றுதானே அர்த்தம்? எறிய வேண்டுமானால் எறி என்று வாய்விட்டுச் சொல்வதுதானே? மிதக்கிறதுதான் சொத்தை என்று அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் அளந்தபோதுதான் எனக்கே தெரியும். நான் மூச்சு விடவில்லை.

அந்தச் சொத்தைகளை ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். குளிர்காலம் வந்துவிட்டது என்று ஏமாந்தால்தான் அதுகளுக்கு முளைக்கப் புத்தி வருமாம். பிறகு தொட்டியில் ஊன்றி, வெயில் விழுவது அந்த ஒரு ஜன்னல்தான் என்று என் நாற்காலியைத் தள்ளிவிட்டு வரிசையாக அடுக்கினாள். இப்போது நாற்காலி அலமாரியைப் பார்க்கிறது, நானும் அலமாரியைப் பார்க்கிறேன். தெருவில் யார் யாரோடு போகிறார்கள், எதிர்வீட்டுக்காரன் குப்பையை எவன் வாசலில் தள்ளுகிறான், ஒன்றும் தெரியாமல் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருக்கிறது. காட்டிலாவது மரம் முளைக்கும்.

"இதை எப்பம்மா எடுப்பே?"

"முளைச்சதும் வெளியில வச்சுடுவேன் அத்தை. அதுவரைக்கும் நகர்த்தவே கூடாது."

சொத்தை எந்த ஜென்மத்தில் முளைக்கும்? உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் ஜன்னல் போகும். மகனிடம் புலம்பினால், "மரம்னா பொறுமை வேணும்மா" என்கிறான், இவன் என்னமோ பத்து தோப்பு வைத்தவன் மாதிரி.

ஆகையால், பிடுங்கின நீதான் திருப்பித் தர வேண்டும். நன்றாக மூழ்குகிற கொட்டையாகப் பார்த்து, உன் ஃப்ரிட்ஜிலேயே வைத்து, முளை எட்டிப் பார்த்ததும் ரகசியமாகக் கொண்டு வா. உன் பெண்டாட்டி கத்தினால் கத்தட்டும், என் மகன் கல்யாணத்தன்று கத்தாததா? மருமகள் வேலைக்குப் போனதும் தொட்டிக்கு ஒன்றாகச் செருகிவிடுகிறேன்.

கொட்டை வந்து சேருகிற பட்சத்தில், நீயும் உன் குடும்பமும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஜன்னலில்லாத உன் அக்கா

பி.கு.: மாமா, இதை எழுதுவது மருமகள். அத்தை கவரை ஒட்டாமலே தபாலில் போடக் கொடுத்தார்கள்; என் கை சும்மா இருக்கவில்லை. கொட்டை கொண்டு வராதீர்கள். முற்றத்தில் கொட்டியதை அன்றைக்கே பொறுக்கிவிட்டேன்; நான் வேலை செய்கிற பல் ஆஸ்பத்திரி ஜன்னலில் எல்லாம் இலை விட்டு நிற்கின்றன. இங்கே தொட்டிகளில் இருப்பது வெறும் மண்ணும் அந்தச் சொத்தைகளும்தான். அத்தை ஜன்னலை விட்டு நகர்ந்த பிறகுதான் இந்தத் தெருவில் நாலு பேர் எங்களோடு பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.