பார்த்தால் மங்கும்

பத்தே முக்கால் மணிக்கு விளக்கை அணைத்தார்கள். தணிக்கையாளருக்கு முதல் சந்தேகம் அப்போதே வந்துவிட்டது.

"எதுக்கு இருட்டு?"

"ஒளிர்றது தெரியணும்ல சார்," என்றாள் விஞ்ஞானி.

"இருட்டுல காட்டுற எதையும் நான் நம்புறதில்ல."

இயக்குநர் அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டிருந்தார். "எதை வேணா பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது இரண்டாவது சந்தேகம்.

இந்த நுண்ணோக்கி உருப்படியாக வேலை செய்கிறது என்று தணிக்கையாளர் இன்று மாலைக்குள் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் அதைக் கழற்றி வேறு எங்காவது அனுப்பிவிடுவார்கள். அவளுடைய நான்கு வருட ஆராய்ச்சியும் அதோடு போகும்.

திரையில் ஒரு வட்டம் தெரிந்தது. வட்டத்தின் விளிம்பெங்கும் பச்சைப் புள்ளிகள்.

"என்ன இது?"

"உயிரோட இருக்கிற ஒரு செல், சார். விளிம்புல தெரியுறது அதோட சவ்வு. தோல்னு வச்சுக்கங்க. அதுல இருக்கிற ஒரு புரதத்துக்கு மட்டும் சாயம் ஏத்தியிருக்கோம். விளக்கு பட்டா பச்சையா ஒளிரும்."

"புள்ளி புள்ளியா இருக்கே?"

"அதான் சார் விஷயம். சவ்வு முழுக்கப் பரவியிருக்கும்னு நினைச்சோம். இல்ல. அங்கங்க கூட்டம் கூட்டமா நிக்குது."

"எதுக்குக் கூடுது?"

"தெரியாது சார். அதைத்தான் தேடுறோம்."

"எதுக்குன்னே தெரியாத கூட்டத்துக்கு இவ்வளவு பெரிய மெஷினா?"

அவள் திரையில் வட்டத்தை இன்னும் பெரிதாக்கினாள்.

"இது ஏதோ ஓட்டுற படம் இல்லன்னு நான் எப்படி நம்புறது?"

அவள் திரையை அணைத்தாள். அவர் நுண்ணோக்கியின் கண்வில்லையில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை.

"சார், ரொம்ப நேரம் பார்க்காதீங்க."

"ஏன்?"

"பார்த்தா மங்கும்."

அவர் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"விளக்கு பட்டாத்தான் சார் ஒளிரும். பட்டுக்கிட்டே இருந்தா சாயம் வெளுத்துடும்."

"ஆடிட்டர் பார்த்தா காணாமப் போற சாமானை நான் இருபது வருஷமா பார்த்துட்டு வர்றேம்மா."

மறுபடி குனிந்தார். புள்ளிகள் பாதியாகிவிட்டிருந்தன.

"இப்பத்தானே நிறைய இருந்துச்சு? எங்க போச்சு?"

"எங்கயும் போகல சார். ஒளி மட்டும்தான் போச்சு."

"சாமான் இருக்கு, கண்ணுக்குத்தான் தெரியாது. இதையும் கேட்டிருக்கேன். ஒரு கிடங்குல. அது சிமெண்ட் மூட்டை."

வேறு உயிரணுவைக் காட்டச் சொன்னார். சரியாகத் தெரியட்டும் என்று விளக்கின் திருகை அவரே கூட்டினார். அது இன்னும் சீக்கிரம் மங்கியது. மூன்றாவதைக் காட்டச் சொன்னார். அது கண்ணெதிரிலேயே அணைந்தது.

"நீங்க காட்டக் காட்டக் குறையுது," என்றார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. அவர் எழுந்தார்.

"எதையும் தொடக்கூடாது. விளக்கு எரியட்டும். அணைச்சா செல் இருக்கிற தட்டை மாத்திடுவீங்க."

"எரிஞ்சுக்கிட்டே இருந்தா செத்துடும் சார்."

"செத்தா நல்லது. இருந்துச்சுன்னாவது தெரியும்."

கொஞ்சம் கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கெஞ்சவில்லை. அவர் அறையைப் பூட்டி, பூட்டின்மேல் தாளை ஒட்டி அதில் கிறுக்கிவிட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்கூடத்தில் அவள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். இரண்டாம் முறை வாங்கியும் சாப்பிட்டாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தபோது தாள் கிழிந்திருக்கவில்லை. பூட்டு அப்படியே இருந்தது. கண்வில்லைக்குள் கும்மிருட்டு.

"ஒண்ணுமே இல்ல!" வெற்றிக்குரலில் சொன்னார். "மொத்தமும் காலி!"

அவள் தட்டை மயிரிழை நகர்த்தினாள். "இப்ப பாருங்க சார்."

பார்த்தார். நடுவில் ஒரு கறுப்பு வட்டம், கத்தரித்து எடுத்ததுபோல. அதைச் சுற்றி எல்லாம் பச்சை.

"கறுப்பா இருக்கிறது?"

"விளக்கு பட்ட இடம்."

அவர் நம்பவில்லை. தானே தட்டை நகர்த்திப் பச்சையான ஓர் இடத்தில் விளக்கைப் பாய்ச்சினார். காத்திருந்தார். நகர்த்திப் பார்த்தார். இன்னொரு கறுப்பு வட்டம். மறுபடி பாய்ச்சினார். மூன்றாவது வட்டம். தட்டு முழுக்கத் துளைபோட்டு முடிக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

"அப்ப... நான்தானா?"

"ஆமா சார்."

நாற்காலியில் உட்கார்ந்தார். போகிற இடமெல்லாம் ஏதாவது காணாமல் போயிருக்கும். அதைக் கண்டுபிடித்துத்தான் அவருக்குப் பழக்கம். போக்கியதே அவராக இருந்தது இதுவே முதல் முறை.

"வேற தட்டு இருக்குல்ல?"

"இல்ல சார். இது ஒண்ணுதான் இருந்துச்சு." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "இதை வளர்க்கவே மூணு வாரம் ஆச்சு."

அவர் எழுந்தார்.

"மன்னிச்சுடும்மா. தொழில் புத்தி. எதைப் பார்த்தாலும் தப்பாத்தான் தெரியுது. உன்னை மாதிரி ஒளிவு மறைவு இல்லாத ஆளை நான் எங்கயும் பார்த்ததில்ல."

"பரவாயில்ல சார்."

கருவிக்குப் பின்னாலிருந்த மேசையில் அறிக்கையை விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். இருட்டில் தடவிக் கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டார்.

கதவு பாதி திறந்தது. இயக்குநர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். வெயிலிலிருந்து வந்த கண், இருட்டில் எதுவும் தெரியவில்லை.

"என்னம்மா, தொலைஞ்சாரா அந்த மனுஷன்? போன வாரம் கழிச்சுப் போட்ட தட்டுன்னு கண்டுபிடிக்கலையே? கீழ ஒளிச்சு வச்ச நல்ல தட்டையெல்லாம் இப்பவே எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"