ஃபுல் லோடு அண்ணனும் ஏழாவது சீட்டும்

அய்யம்பேட்டைக்கு அருகே ரயில்வே கேட் மூடியிருந்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. எனக்கு முன்னால் வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய ஏழு சீட்டு வண்டி. அதன் பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு என் மகள் யாழினி எனக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வண்டியின் முன் சீட்டில் என் அப்பா. நடு வரிசையில் என் அம்மாவும், ஆறு மாதக் கர்ப்பிணியான என் மனைவி ரேவதியும். சிரிப்புச் சத்தம் என் வண்டிக்குள் வரைக்கும் கேட்டது.

என் வண்டியில் யார் இருந்தார்கள்? நான் இருந்தேன். பின் சீட்டில் ஒரு பாய், தண்ணீர் கேன், அம்மாவின் முட்டிவலித் தைலம். பக்கத்து சீட்டில் புளியோதரைத் தூக்கு. கவிழ்ந்துவிடக் கூடாது என்று அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தேன்.

சொந்தக் குடும்பத்தை இன்னொருவர் வண்டியில் அனுப்பிவிட்டு, லக்கேஜை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போகும் குடும்பத் தலைவன் தஞ்சை ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். ரயில் கடந்து போவதற்குள் முடிவு செய்துவிட்டேன். நானும் மூன்று வரிசை வண்டி வாங்குவேன்.

முன்னால் போன வண்டி ஃபுல் லோடு அண்ணனுடையது. காலி சீட்டைப் பார்த்தால் காய்ச்சல் வருகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் தெருவில், என் வீட்டுக்கு நேர் எதிரே குடியிருக்க வேண்டுமா?

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். பல வருஷம் நெல் லாரி ஓட்டினார். களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றுகிற தொழில். லாரி நிறையாமல் ஓர் அடிகூட நகர மாட்டார். ஒரு மூட்டை குறைந்தாலும் அடுத்த வயல் அறுப்பு முடியும்வரை வரப்பு ஓரத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். கேட்டால், "அரை லோடுல போனா லாரிக்கு அவமானம் தம்பி" என்பார். லாரியை விற்றார். அந்தக் குணத்தை விற்க மறந்துவிட்டார்.

லாரி போன கையோடு இந்த வண்டியை வாங்கி வந்து நிறுத்தினார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். தெருவே கேட்டது.

"ஏப்பா லோடு, தனிக்கட்டைக்கு எதுக்குப்பா ஏழு சீட்டு?"

"சீட்டு இருந்தா ஆள் வருவாங்க" என்றார்.

வந்தார்கள். வராதவர்களை அவரே போய்ப் பிடித்தார். ஏழு பேர் சேராமல் சாவியைத் திருக மாட்டார். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர், பால் வாங்க வந்தவர், வேறு திசையில் போக வேண்டியவர், எல்லோரும் அவருக்கு லோடுதான். ஆள் கிடைக்காத நாளில் ஒரு தவிட்டு மூட்டையை உட்கார வைத்து பெல்ட் மாட்டிவிடுவார். ஏழும் நிறைந்த பிறகு ஒரு தடியால் நாலு டயரையும் தட்டிப் பார்த்து, தனக்குத் தானே "ரைட், ரைட்" சொல்லிக்கொண்டு புறப்படுவார்.

தாராசுரத்தில் நடந்த கதையை எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு முகூர்த்த நாள். கல்யாணச் சாப்பாடு முடிந்து திரும்பும்போது அண்ணனுக்கு ஓர் ஆள் குறைந்தது. பக்கத்து மண்டப வாசலில் பட்டு வேட்டி, சந்தனப் பொட்டோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். "ஏறுங்க மாமா" என்றார் அண்ணன். ஏறிவிட்டார். முகூர்த்த நாளில் ஒரு கார் நின்று, மரியாதையாக ஏறச் சொன்னால் நம் ஊரில் யார் எங்கே என்று கேட்கிறார்கள்? மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொண்டு அழைக்கப் போகிற வண்டி என்று அவர் நினைத்துக்கொண்டார். பாபநாசம் வந்தபோது அவருடைய போன் அடித்தது.

"மாமா, எங்க இருக்கீங்க? தாய்மாமன் மால போடணும், பொண்ணு மணையில நிக்கிது!"

"மாப்ள வீட்டுக்காரங்கள அழைக்கத்தாம்மா போய்க்கிட்டிருக்கேன்."

"அவங்கள்லாம் இங்கதான் மாமா இருக்காங்க!"

அண்ணன் வண்டியைத் திருப்பி அடித்துப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வேறு யாராவது என்றால் அடி விழுந்திருக்கும். இவருக்கு மாலை விழுந்தது. 'நேரத்துக்குக் கொண்டாந்து சேத்த மகராசன்' என்று வண்டியில் இருந்த மற்ற ஆறு பேரையும் உட்கார வைத்து மறுபடி சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். பெண்ணின் தாய்மாமனைக் கடத்திய ஆளுக்குப் பந்தியில் முதல் இலை! இந்த ராசி எனக்கு வராது. நான் சரியான நேரத்தில் சரியான மண்டபத்துக்குப் போனாலே கடைசிப் பந்தியில் ரசம்தான் கிடைக்கிறது.

எரிச்சல் எனக்கு எங்கே ஆரம்பித்தது என்று நினைவில் இருக்கிறது. கர்ப்பம் தெரிய ஆரம்பித்த ரேவதி என் வண்டியில் ஏறப்போனாள். எதிர்வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, ரெண்டு உசுரா இருக்கற புள்ள. இந்தத் தீப்பெட்டியிலயா போவும்? இங்க வாம்மா, கால நீட்டிக்கிட்டு உக்காரு."

அவ்வளவுதான். அன்று ஏறிய குடும்பம் இறங்கவே இல்லை. ரேவதி இடுப்புக்குக் கொடுக்கும் தலையணை இப்போது அந்த வண்டியிலேயே குடியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாழினி 'எங்க கார்' என்று சொல்வது என் காரை இல்லை. வீட்டில் வடை சுட்டால் முறுகல் வடையெல்லாம் எதிர்வீட்டுக்குப் போகிறது, அமுங்கினது எனக்கு. அப்பா இருக்கிறாரே, அவர் ஒருநாள் மனம் விட்டுச் சொன்னார்: "லோடு ஓட்டுனா தூக்கம் வருதுடா. நீ ஓட்டுனா சாமி ஞாபகம் வருது."

அய்யம்பேட்டை கேட்டில் அந்த வண்டியின் மிச்ச சீட்டுகளில் இருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பஸ் ஸ்டாப்பில் பிடித்த ஒரு கீரைக்காரம்மா, ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் அம்மாள். நான் உட்கார வேண்டிய இடத்தில் முருங்கைக் கீரை உட்கார்ந்து போயிற்று. வீடு திரும்புவதற்குள் அப்பா ஒரு பாலிசி எடுத்திருந்தார்.

நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். வண்டி விமர்சன வீடியோக்கள் ஒன்று விடாமல் பார்த்தேன். டார்க், வீல்பேஸ், ஏர்பேக் என்று சாப்பிடும்போதும் அதே பேச்சு. டேப்பை எடுத்துக்கொண்டு வாசல் கேட்டை அளந்தேன். குடும்பம் பெருகுகிறது, ஐந்து ஆறாகப் போகிறது, வளைகாப்பு முடிந்து ரேவதி தாய்வீட்டுக்குப் பேராவூரணி போகும்போது என் வண்டியில்தான் போக வேண்டும். அதுதான் என் கெடு.

ஷோரூமுக்குக் கிளம்பினால், அண்ணன் ஒரு அரிசி மூட்டையோடும் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தோடும் தன் வாசலில் தயாராக நின்றார்.

"எதுக்குண்ணே இது?"

"வெறும் வண்டிய ஓட்டிப் பாக்கறதுல என்ன இருக்கு தம்பி? வெறுமனே போறப்ப எல்லா வண்டியும் ராஜா மாதிரிதான் போவும்."

ஷோரூமில் டை கட்டிய விற்பனை இளைஞர் பதறினார். "சார், டெஸ்ட் டிரைவுக்கு அரிசி மூட்டையெல்லாம் அலவுட் இல்ல சார்."

"அப்ப இந்த வண்டி எங்க ஊருக்கு அலவுட் இல்ல" என்றார் அண்ணன்.

எங்கள் ஐந்து பேரோடு அண்ணனும் ஏற, ஏழாவது ஆளாக அந்த இளைஞரையே பிடித்து மூன்றாவது வரிசைக்குள் தள்ளினார். பக்கத்தில் அப்பாவை ஏற்றினோம். பாதி அப்பா உள்ளே போனார். மீதி அப்பா வெளியே நின்று முனகினார். ஒருவழியாக முழுசாகப் போனதும் அவருடைய முழங்கால் தாடையைத் தொட்டது. மூன்று வரிசையும் நிமிர்ந்து நின்றதால் பின்னால் அரிசி மூட்டை செங்குத்தாகத்தான் நின்றது. சீர்த் தாம்பாளத்துக்கு இடமே இல்லை. அதை இளைஞரின் மடியில் வைத்தோம். மாப்பிள்ளை அழைப்பு போலப் புறவழிச் சாலையில் ஒரு சுற்று போய்வந்தோம்.

இறங்கும்போது அண்ணன் கேட்டார். "நடு சீட்டுல கைப்புள்ளைக்கு ஒரு சீட்டு மாட்டிட்டீங்கன்னு வைங்க. அப்பறம் பின்னாடி இருக்கறவங்க எப்புடி எறங்குவாங்க?"

"அதைக் கழட்டிட்டு சார்..." என்றார் தாம்பாளத்துக்குப் பின்னாலிருந்து இளைஞர்.

"பெரியவருக்கு அவசரமா ஒண்ணுக்கு வந்தா?"

இளைஞர் தாம்பாளத்தை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அப்பா மட்டும் பலமாகத் தலையாட்டினார்.

இரண்டாவது ஷோரூமில் பின் வரிசைக்கு ஏசிக் காற்று வரவில்லை. மூன்றாவதில், "பின்னாடி கண்ணாடி எறங்காது. புள்ளைக்கு வாந்தி வந்தா எங்க எடுக்கும்?" அடுத்த வண்டி எங்கள் தெரு முனையில் திரும்பாது. அவர் சொன்னதெல்லாம் உண்மை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அவர் வண்டியும் மூன்று வரிசை வண்டிதானே! அங்கே மட்டும் யாருக்கும் முழங்கால் இடிக்காதா?

வீட்டில் ரேவதியிடம் வெடித்தேன். "வேணும்னே கெடுக்கறாரு. அவருக்குப் பொறாம."

ரேவதி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். "யாருக்கு?"

அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை. நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். "அண்ணே, வர்ற ஞாயித்துக்கெழம புக் பண்ணப் போறோம். நாங்களே போயிக்கறோம். நீங்க வர வேணாம்."

ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சண்டைக்குக்கூடத் தயாராக இருந்தேன்.

"சரி தம்பி. எமகண்டம் பாத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றார்.

ஞாயிறு காலை. திரும்பி வர மதியமாகிவிடும் என்று அம்மா புளியோதரை கட்டியிருந்தார். என் தீப்பெட்டியில் எல்லோரையும் ஏற்றிவிட்டேன். யாழினியைக் காணோம். தேடினால் எதிரே நின்ற வெள்ளை வண்டியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். அண்ணன் துவைத்த சட்டை, நெற்றியில் பட்டையோடு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடவில்லை. சீட்டெல்லாம் துடைத்திருந்தது. ரேவதியின் தலையணை தட்டி வைத்திருந்தது.

"எங்க போறீங்க லோடு மாமா?"

"நாகூர் போலாம்னு நெனச்சேன் பாப்பா."

"அப்ப போங்க."

"ஆள் சேரலயே."

"பஸ் ஸ்டாப்புல அவ்ளோ பேரு நிக்கறாங்களே!"

"அவங்கள்லாம் பாதியில எறங்கிருவாங்க பாப்பா."

தெரு சின்னது. அவர் மெதுவாகச் சொன்னதும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ரேவதி என் வண்டியின் கதவைத் திறந்து இறங்கினாள். தெருவைக் கடந்து போய்த் தன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அம்மா பின்னாலேயே போனார். அப்பா போகிறபோது திரும்பிப் பார்த்து, "டேய், அந்தப் புளியோதரய எடுத்துக்கிட்டு வா" என்றார்.

நான் கொஞ்ச நேரம் என் வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். காலி சீட்டு என்றால் என்ன என்று புரிவதற்கு அவ்வளவு நேரம் போதும். வண்டியைப் பூட்டிவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் யாழினிக்குப் பக்கத்தில் ஏறினேன். முழங்கால் தாடையில் இடித்தது. இந்த வண்டியிலும் இடிக்கிறது! இத்தனை நாள் இதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அண்ணன் கண்ணாடியில் எண்ணினார். மறுபடி எண்ணினார். அவர் கை சாவிக்குப் போகவில்லை.

"ஒண்ணு கொறயுதும்மா" என்றார். அவர் கண் தெரு முனைக்குப் போயிற்று. கீரைக்காரம்மா வருகிற நேரம்.

ரேவதி தன் பக்கத்துக் காலி இடத்தில் கையை வைத்தாள். "கொறயலண்ணே. மாசம் ஏழாயிருச்சு. சேத்து எண்ணுங்க."

அண்ணன் இறங்கிப் போய், தடியை எடுத்து நாலு டயரையும் தட்டினார். வழக்கத்தைவிட அதிக நேரம் தட்டினார். வந்து உட்கார்ந்தார்.

"ரைட், ரைட்" என்றாள் யாழினி.

அந்த ஞாயிறு ஷோரூமுக்கு இல்லை, நாகூருக்குத்தான் போனோம். எனக்கு இன்னும் பொறாமை தீரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரம் வளைகாப்பு. அன்று சாயங்காலம் ரேவதியைப் பேராவூரணியில் கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு அண்ணனிடம் சாவியைக் கேட்கப் போகிறேன். இன்றுவரை அந்தச் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. கெஞ்சிப் பார்ப்பேன். முறுகல் வடை லஞ்சம் கொடுத்துப் பார்ப்பேன். யாழினியை ஏவி விடுவேன். கொடுத்துவிட்டால், அப்பாவுக்கு சாமி ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை, நான்தான் ஓட்டுவேன். அண்ணனை நடு வரிசையில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, அந்தத் தலையணையையும் ரேவதியிடம் கேட்டு வாங்கிக் கொடுப்பேன். ஊரையே ஏற்றி இறக்கிய மனிதரை இதுவரை யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை.