வேலப்பன் கெடுத்த மீன் குழம்பு

அநியாயம் என்றால் இதுதான் அநியாயம். ஒரு மனுஷன் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, குழம்பில் பாக்கெட் மசாலா வாடை அடிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எம்.கே.பி. நகர் வேலப்பன் சொன்னான். அவ்வளவுதான், அவன் பெண்டாட்டி வேம்பு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பிடியா? வர்ற ஞாயித்துக்கெழம நீயே வையி. புது மீனு, கையால வறுத்து அரைச்ச மசாலா. புள்ளைங்களயும் சேத்துக்கோ, கத்துக்கட்டும். நான் தையல் கிளாசுக்குப் போறேன்."

"இன்னாமே பேசுற? ஞாயித்துக்கெழம கேரம் கீது!"

"நல்லா வச்சா இனிமே வாராவாரம் நீதான். கேவலமா வந்துச்சுன்னா நான் ஒண்ணும் கேக்கல, போய் காயின் தள்ளு."

பன்னிரண்டு வருஷமாக ஒரு ஞாயிறுகூட கேரம் கிளப்புக்குத் தவறாதவன் வேலப்பன். சரி என்று உடனே தலையாட்டினான். ஒரு குழம்பைக் கெடுப்பதற்குப் படிப்பா வேணும்?

ஞாயிறு காலை எட்டு வயசு மகிழினியையும் அஞ்சு வயசு பீம்ராவையும் பைக்கில் ஏற்றினான். வழியிலேயே ஒரு ரோட்டோரக் கூடையில் கண் குழிந்துபோன சங்கரா மீன். ஆசையாகக் குனிந்தான். அதற்குள் பீம்ராவ் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டான்.

"நைனா, உள்ள வெளுத்துக் கீது. இது செத்து நாலு நாளாச்சு."

"யார்ரா சொன்னது உனக்கு?"

"அம்மா. செவப்பா இருந்தாத்தான் வாங்கணுமாம்."

கூடைக்காரம்மா முறைத்த முறைப்பில் அங்கே நிற்க முடியவில்லை. காசிமேடு வரைக்கும் போய், அப்போதுதான் படகிலிருந்து இறங்கிய சங்கராவை வாங்கித் தொலைத்தான். மாங்காயை மகிழினியே முகர்ந்து பார்த்துப் பொறுக்கினாள்.

வீட்டுக்கு வந்தால் அதைவிட அக்கிரமம். மிளகாயைக் கருக விடலாம் என்று பார்த்தான். "போதும் நைனா, எறக்கு!" என்று மகள் அடுப்பையே அணைத்தாள். புளியை அள்ளினான். மகன் பாதியைப் பிடுங்கிக்கொண்டான். பெத்த அப்பனுக்குச் சொந்தச் சட்டியில் சுதந்திரம் இல்லை!

குழம்பு கொதிக்க ஆரம்பித்தது. மணம் பக்கத்து வீடு வரைக்கும் போனது. வேலப்பன் கண் உப்பு டப்பா மேல் போனது.

"உப்பு போட்டாச்சா?"

"போட்டாச்சு நைனா. ரெண்டு ஸ்பூன்," என்றாள் மகிழினி.

பிள்ளைகள் கை கழுவப் போன நேரம் பார்த்து டப்பாவைத் திறந்தான். இன்னொரு ரெண்டு ஸ்பூன். கண்டபடி கொட்டினால் மாட்டிக்கொள்வோம் இல்லையா, திருட்டுத்தனத்தையும் அளந்துதானே செய்யணும்! கலக்கிவிட்டுத் தட்டைப் போட்டு மூடினான். சீட்டிகூட அடித்தான்.

மத்தியானம் வேம்பு வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். அப்புறம் வேகவேகமாக.

"சூப்பர்யா! இன்னா டேஸ்ட்டு!"

வேலப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய்யி! வாயில வைக்க முடியாதே! டபுள் உப்பு..." நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மகிழினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நாங்க உப்பே போடல நைனா. போட்டாச்சுன்னு மட்டும் சொல்லுங்க, மீதிய உங்க நைனா பாத்துப்பாருன்னு அம்மாதான் சொல்லிச்சு."

"இன்னாமே இது? வூட்டுக்குள்ளயே துரோகமா?"

வேம்பு இன்னொரு துண்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சும்மா சொல்லக் கூடாதுய்யா, எனக்கே உப்பு இவ்ளோ கரெக்டா வராது. அடுத்த வாரம் நெத்திலி."