பக்கமே இல்லாத வருஷம்

"சார், முந்நூறு பக்கமும் படிச்சாச்சு. ஒரு இடத்துலகூடக் கண்ணு கலங்கலையே" என்றாள் பதிப்பகத்துப் பெண்.

நகைச்சுவை நடிகருக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாகப் படமில்லை. தெருவில் நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்தச் சுயசரிதையை விட்டால் அவருக்கு வேறு வழியும் இல்லை.

"நான் சிரிப்பு நடிகன்மா. சிரிச்சா பத்தாதா?"

"குடிச்சு அழிஞ்சேன், மனசு உடைஞ்சேன்னு எழுதினாத்தான் இப்பல்லாம் ஜனங்க விழுந்து விழுந்து வாங்கிப் படிக்கிறாங்க சார். ஆமா, முப்பத்தெட்டாவது வயசுக்குப் பக்கமே இல்லையே?"

"அந்த வருஷம் ஏதோ காய்ச்சல்னு படுத்திருந்தேனாம். வீட்டுல சொல்வாங்க. எனக்கே ஞாபகமில்லை."

"அப்ப அங்கே ஏதாவது போடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா புத்தகம் கிடையாது."

நடிகர் அசருவாரா? தம்பியைப் பெருங்குடிகாரனாக்கி, தாமே தோளில் தூக்கிவந்து திருத்தியதாக எட்டுப் பக்கம் எழுதித் தள்ளினார். விசாரிப்பதற்காகப் பதிப்பகம் தம்பிக்குப் போன் போட்டது. தம்பி அண்ணனுக்குப் போட்டான்.

"அண்ணா, நான் காபிகூடத் தொடமாட்டேன். நானா குடிகாரன்? வேணாம், என் வாயைக் கிளறாதீங்க!"

போச்சுடா என்று நடிகர் அந்தக் குடியைத் தம் தலையிலேயே கட்டிக்கொண்டார். மகளின் பிறந்தநாளுக்குத் தள்ளாடி வந்து, பிள்ளைகள் பார்க்கக் கேக்கின் மேலேயே குப்புற விழுந்ததாக ஒரு காட்சி. தாமே ரசித்துச் சிரித்துக்கொண்டு மனைவிக்கு வாசித்துக் காட்டினார். அவள் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

மானம் போகிறதே என்ற கோபம்போல என்று நினைத்துக்கொண்டார். அவளைக் குளிர்விக்க இன்னொரு அத்தியாயம் முளைத்தது. அதில் அவர் புத்தி பேதலித்து நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மனைவி ஒரு நாள் தவறாமல் வந்து ஊட்டிவிடுகிறாள். வெள்ளிக்கிழமை காலை கூடத்தில் உட்கார்ந்து அதையும் உருக்கமாக வாசித்தார். முப்பது வருஷமாக அவரிடம் வேலைபார்க்கும் டிரைவர், பதிப்பகத்துக்குக் கொண்டுபோக, முந்தின பக்கங்களைப் போட்ட கவரோடு வாசலில் காத்திருந்தார்.

வாசித்து முடிப்பதற்குள் மனைவி தேம்ப ஆரம்பித்துவிட்டாள். உடனே மகளுக்குப் போன் போட்டு, கேட்டதையெல்லாம் சொன்னாள். மூன்று வருஷமாக இந்த வீட்டை எட்டிப்பார்க்காத மகள் அவள். கோபம் எதற்கென்று நடிகருக்கு இன்றுவரை விளங்கியதில்லை. அரைமணியில் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அப்பா, இதையெல்லாம் நீங்களேவா எழுதினீங்க?"

நடிகர் பதறி எழுந்தார். புகழ் வருமோ வராதோ, குடும்பம் கைவிட்டுப் போய்விடும்போல இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாகவே பயந்தார்.

"ஐயோ, அத்தனையும் புளுகும்மா! ஒரு சொட்டு நான் தொட்டதுண்டா? உங்கம்மாவைக் கேளு! புத்தகமே வேணாம், எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடறேன். டிரைவர், அந்தக் கவரை இப்படிக் குடுப்பா!"

டிரைவர் கவரைக் கொடுக்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல் என்பதுபோலத் தலையசைத்தாள்.

"கிழிக்காதீங்கய்யா, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க, ஆஸ்பத்திரியில மட்டும் நாப்பது நாள் இல்ல, அறுபத்திரண்டு."