தெரியாது என்று சொல்லாத பேதுரு

“...ன்னு டாக்டரு சொன்னா ஆச்சா? யோவ், கண்ண நல்லா தொறந்து பாரு. வந்துகீறது யாருன்னு தெரியுதா?”

ஸ்டெல்லா கேட்டது தன் புருஷனை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அந்தப் புருஷன் என் தோஸ்து சவரி. ஒன்றாங்கிளாஸிலிருந்து எனக்கு எதிர் வீடு. வாதம் அடித்து வலப்பக்கம் ஓய்ந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இனி ஆளை அடையாளம் தெரியாமலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

சவரி என்னை உற்றுப் பார்த்தான். பிறகு தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினான்.

தெரியாது.

இது நடந்த பத்தாம் நாள் அவன் போய்ச் சேர்ந்தான். அவனைப் பற்றி எழுதும்போது மூக்கைச் சிந்தினால் அவனுக்குப் பிடிக்காது. முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். “மேலேர்ந்து பாத்தா ஆபீசரும் கூலியும் ஒரே சைஸ்தான், மாமு. எறங்கி வந்தாத்தான் எல்லாம் பெருசாயிடுறாங்கோ” என்பான். அதனால் அவனுக்குப் பிடித்த கதையையே சொல்லிவிடுகிறேன். அதில் அசடு வழிந்தது நான்தான்.

ஒப்புக்கொள்கிறேன். ராயபுரத்தில் ஒரு வருடம் இயேசுநாதரைச் சிலுவையில் அறைய முடியாமல் போனதற்கு நானே காரணம்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தவக்காலக் கடைசியில் எங்கள் தெருக் கோயில் மைதானத்தில் பாடுகளின் நாடகம், அதாவது இயேசு பிடிபட்டுச் சிலுவையில் சாகும் கதை, போடுவார்கள். அந்த வருடம் சவரிதான் இயேசு. பேதுருவாக நடிக்க வேண்டியவன் விசைப்படகில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட, சவரி நேரே போய், நாடகத்தை நடத்தும் கோயில் உபதேசியாரிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

“முருகேசனா? மளிகைக் கடை முருகேசனா?” என்று உபதேசியார் இரண்டு முறை கேட்டாராம். “அவங்க வீட்டுல பழனிக்குப் போறவங்களாச்சேப்பா!”

“போவட்டும் சார். தெருவுல தாடி மொளைச்ச ஒரே பையன் அவன்தான்.”

இப்படித் தாடியின் தயவில் நான் அப்போஸ்தலன் ஆனேன். பேதுருவுக்கு முக்கியமான கட்டம் ஒன்றே ஒன்று. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போனபின் முற்றத்தில் நெருப்பு மூட்டி எல்லோரும் குளிர்காய்வார்கள். ஒரு வேலைக்காரப் பெண் பேதுருவைப் பார்த்து, “நீயும் அவனோடு இருந்தவன்தானே?” என்று மூன்று முறை கேட்பாள். மூன்று முறையும் “அவரை எனக்குத் தெரியாது” என்று சொல்ல வேண்டும். சேவல் கூவும். பேதுரு வெளியே போய் மனம் வெதும்பி அழ வேண்டும். அவ்வளவுதான் வேலை. (பங்குனிப் புழுக்கத்தில், கடற்கரை ஊரில், குளிர்காய்வதுபோல நடிப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன்.)

அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். “கடையில இருக்க ஆளக் காணோம், இவன் குளிர்காயப் போறானாம்லே” என்றார். ஆனாலும் நான் தினமும் கடைச் சின்ன வெங்காயத்தில் நாலை நசுக்கி முகர்ந்து அழுகை பழகினதை அவர் கண்டுகொள்ளவில்லை.

வேலைக்காரப் பெண், ஸ்டெல்லா. அப்போது பதினேழு வயது. இயேசுவைப் பார்க்கும்போதெல்லாம் வசனத்தை மறப்பாள். (ஏன் என்று இரண்டு வருடம் கழித்து அவர்கள் கல்யாணப் பத்திரிகை வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் அவ்வளவு சூட்டிகை.)

சேவல் விஷயத்தில்தான் சிக்கல். யார் கூவினாலும் வாத்து இருமுவதுபோல இருந்தது. சவரி கூவினால் மட்டும் அசல் சேவல்கள் பதில் கொடுக்கும். சின்ன வயதிலிருந்து தினமும் காலையில் என் வீட்டு வாசலில் நின்று அவன் கூவித்தான் என்னை எழுப்புவான். வேறு வழியில்லாமல் உபதேசியார் ஒரு ஏற்பாடு செய்தார். மேடை ஓரத்துத் தூணில் இயேசுவை முதுகு தெரியும்படி கட்டிவைப்பது. வாய் யாருக்கும் தெரியாது. மூன்றாவது மறுப்பு முடிந்ததும் அவனே கூவிவிடுவான். நாலு தெருவுக்குக் கேட்க வேண்டுமே என்று தூணிலேயே ஒரு மைக்கையும் கட்டினார்கள். (இந்த மைக்கை மறந்துவிடாதீர்கள்.)

அன்று மாலை மைதானம் நிறைந்துவிட்டது. முன் வரிசை முழுக்கக் காசிமேட்டு மீன்காரம்மாக்கள். நான் வெங்காயத்தை மடியில் செருகிக்கொண்டு நெருப்பின் முன்னால் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா வந்தாள்.

“நீயும் அந்த மனிதரோடு இருந்தவன்தானே?”

வசனம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து நான் சவரியின் முதுகைப் பார்த்துத் தொலைத்தேன். சர்பத்தில் குங்குமம் குழைத்துச் சாட்டைக் காயம் வரைந்திருந்தார்கள். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. கை கட்டியிருந்ததால் ஓட்டக்கூட முடியாமல் தோளைக் குலுக்கினான்.

அந்த முதுகை நான் முன்பே ஒரு தரம் பார்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் கூட்ஸ் வண்டிப் பெட்டியில் ஏறி இருவரும் சர்க்கரை மூட்டையில் ஓட்டை போட்டோம். காவல்காரர் அவனைப் பிடித்துக்கொண்டு, எட்டி நின்ற என்னிடம், “இவன் உன் கூட்டாளியா?” என்றார். “யாருன்னே தெரியாது சார்” என்றேன். பெல்ட்டால் வாங்கியது சவரி மட்டும். மறுநாள் காலை, எப்போதும் போல, என் வாசலில் சேவல் கூவியது. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதே இல்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“தெரியும்” என்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து உபதேசியார், “தெரியாது! தெரியாதுன்னு சொல்லுடா!” என்று சீறினார்.

ஸ்டெல்லா கெட்டிக்காரி. சமாளித்துக்கொண்டு, “நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்த மனிதரை உனக்குத் தெரியாதுதானே?” என்று பதிலையும் சேர்த்தே கேட்டாள்.

“தெரியாம இன்னா? ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து தெரியும். எதுத்த வூடு.”

ரோமப் போர்வீரன் ஒருவன் சிரிப்பில் ஈட்டியைக் கீழே போட்டான். அப்போது ஒலிபெருக்கியில், நாலு தெருவுக்கும் கேட்கும்படி, மீட்பரின் குரல் எழுந்தது.

“டேய் கயிதே! தெரியாதுன்னு சொல்லித் தொலையேன்டா. கை மரத்துப்போச்சி!”

ஸ்டெல்லாவின் கண்ணில் தண்ணீர். “கடைசி தடவை கேக்கறேன்” என்றாள். அதற்குமேல் வசனம் எதுவும் அவளிடம் இல்லை.

நான் எழுந்தேன். தூணருகே போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன். “என் தோஸ்துப்பா இவன்! இன்னா இப்போ? கட்றதுன்னா என்னையும் சேத்துக் கட்டுங்கோ!”

“அப்பிடிச் சொல்லுடா ராசா!” என்று ஒரு மீன்காரம்மா எழுந்து நின்று கத்தினார். “ஆயிரம் வருசமா இதையே நடத்திக்கினு கீறானுங்கோ, ஒருத்தனாச்சும் தெரியும்னு சொன்னானா?” விசில் பறந்தது. வேறு வழி தெரியாமல் சவரி மைக்கில் கூவினான். எதற்குக் கூவுகிறது என்று தெரியாமலே ஜனம் அந்தச் சேவலுக்கும் கைதட்டியது. நாடகம் முடிந்ததென்று நினைத்துத் திரை இழுப்பவர் இழுத்துவிட்டார். தீர்ப்புச் சொல்ல வேண்டிய பிலாத்து வேஷக்காரர் கை கழுவக் கொண்டுவந்த சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். என் மடி வெங்காயம் மடியிலேயே இருந்தது.

பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். “நல்லவேளை, நிஜப் பேதுரு நீ இல்ல. இருந்திருந்தா உலகத்துக்கு மீட்பே வந்திருக்காது” என்றவர், என் தாடியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் ‘தெரியும் பேதுரு’. என் கடைக்குப் பெயர்ப்பலகையில் ஒரு முருகன் பெயர் இருக்கிறது. தெருவுக்கு அது ‘தெரியும் கடை’. என் பேரப்பிள்ளைகள்கூட ஸ்கூலில் அப்படித்தான் விலாசம் சொல்கிறார்கள். சவரி எந்த விருந்துக்குப் போனாலும் என் தோளில் கை போட்டு, “பன்னெண்டு பேரு இருந்தும் இவன் ஒருத்தன்தான் என்னத் தெரியும்னு சொன்னான்” என்பான். அதைக் கேட்கவே நான் அழைக்காத கல்யாணத்துக்கும் போயிருக்கிறேன்.

அவன் அடக்கத்தன்று தெரு கொள்ளவில்லை. கிரேன்காரர்கள் சவப்பெட்டியைத் தோள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். “இத்தினி வருசம் ஒரு பொட்டியக்கூட அவரு கீழ வுட்டதில்ல, பாத்துத் தூக்குங்கடா” என்று ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார். முன்வரிசையில் நின்ற என்னைப் பார்த்து வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவர், “இவர் என்ன உறவு?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் ஒரு மீன்காரம்மா முந்திக்கொண்டார். “அவுருதான் தெரியும் பேதுரு.” அண்ணன், தம்பி, மச்சான் வரிசையில் அதுவும் ஓர் உறவுமுறை போலவே அவர் சொன்னார். அவ்வளவு பேர் அழுதுகொண்டிருந்த இடத்தில் நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

ஆனால் அதற்குப் பத்து நாள் முன்னால், அந்த வார்டில், எனக்கு நெஞ்சே இல்லை.

“இவுர யாருன்னு தெரியுதா?” ஸ்டெல்லா இரண்டாம் முறை கேட்டாள்.

சவரி தலையை ஆட்டினான். தெரியாது.

எத்தனை விடியல், எத்தனை கூவல், ஒரு தலையாட்டலில் போயிற்றே என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கூட்ஸ் யார்டில் இவனுக்கு இப்படித்தானே இருந்திருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்தது.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கடைசி தடவை கேக்கறேன். தெரியுதா, இல்லியா?”

மூன்றாம் முறையும் ஆட்டினான். பிறகு அவன் வாயின் இடது ஓரம், ஓயாமல் மிச்சமிருந்த அந்த ஒரு ஓரம், மெல்ல மேலே ஏறியது. தொண்டை ஏறி இறங்கியது. மூச்சை முழுக்கத் திரட்டி, காற்றும் எச்சிலுமாக, உடைந்த குரலில் கூவினான்.

“கொ... க்கர... க்கோ...”

பக்கத்துக் கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். சவரி கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்தான்.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபின் என்னைப் பார்த்தாள்.

“இன்னாண்ணா, மரமாட்டம் நின்னுகினு கீறே? கோழி கூவிடிச்சி. பேதுரு வெளிய போய் அழணும்.”

சொல்லிவிட்டு எழுந்து போய், வார்டுக் கதவைத் திறந்து, எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.