சம்பளத்துக்குப் பதிலாக மூச்சு

உலகத்து மருந்துகளிலே விலையும் தட்டுப்பாடும் இல்லாதது மூச்சு ஒன்றுதான். பணக்கவலைக்கு அதுவே கைகண்ட மருந்து என்று கொழும்பிலே முதன்முதலாகக் 'கண்டறிந்த' பெருமை, துறைமுகத்தில் சரக்கு மீட்டுக் கொடுக்கும் எங்கள் கொட்டாஞ்சேனைக் கம்பனியின் டைரக்டர் நாகேந்திரம் அவர்களையே சாரும். இரண்டு மாதம் எங்களுக்குச் சம்பளம் நிற்காதிருந்தால் இந்தக் கண்டுபிடிப்பே நிகழ்ந்திராது. ஆகையால் அந்தப் பெருமையில் ஊழியர்கள் பதினொரு பேருக்கும், அவர்களில் ஒருவனான ஹியூபேட் ஆகிய எனக்கும், சிறு பங்கு உண்டு.

ஒரு திங்கட்கிழமை டைரக்டர் கூட்டம் கூட்டினார்.

"உங்கட பிரச்சினை காசு இல்லை. காசைப் பற்றின யோசினைதான்" என்று அருளி, வெள்ளவத்தையிலிருந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வரவழைத்த ரெனால்ட் மாஸ்டரை அறிமுகப்படுத்தினார். வெள்ளை உடுப்பு, வெறுங்கால், கையிலே சின்ன மணி.

"நாலு எண்ணும் வரைக்கும் மூச்சை இழுங்க. ஏழு எண்ணும் வரைக்கும் பிடிச்சு வையுங்க. எட்டு எண்ணும் வரைக்கும் மெல்ல விடுங்க" என்றார் மாஸ்டர்.

பிடித்து வைப்பதில் டைரக்டருக்கு இருந்த அனுபவம் எங்களுக்கு இல்லாதபடியால், நாங்கள் இருமினோம்.

கணக்குப் பகுதி ஐறீன் கையை உயர்த்தினாள். "மாஸ்டர், சம்பளம் எப்ப வரும்?"

"'எப்ப' எண்டது எதிர்காலம், மிஸ். இந்தக் கணத்தில இருங்க."

"இருக்கிறதுக்கு வீடு வேணுமே, மாஸ்டர். வெள்ளிக்கிழமைக்குள்ள வாடகை குடுக்காட்டி வீட்டை விட்டு எழும்பச் சொல்லிட்டா ஓனர்."

டைரக்டர் கனிவோடு சிரித்தார். "அவவுக்கும் இதைப் படிப்பியுங்கோவன்."

ஐறீன் சொன்னதைச் செய்கிற பெண். அன்று பின்னேரமே மாளிகாவத்தையில் வீட்டுக்காரி உம்மு குல்தூமின் கதவைத் தட்டி, விஷயத்தை விளக்கினாள். அந்த அம்மாவும் மறுக்கவில்லை. இருவரும் வாசலிலேயே கண்ணை மூடி, முறைப்படி மூன்று தரம் செய்தார்கள்.

"நல்லா ஈக்கி புள்ள" என்றார் உம்மு குல்தூம். "மூச்சு நல்லா வருது. வாடகதான் வரல்ல. வெள்ளிக்கிழம, சரியா?"

மறுநாள் இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஐறீனும் சிரித்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்தாள். மகள் றொசானாவுக்குப் பரீட்சைக்கு இன்னும் பத்து நாள். "புத்தகத்தையெல்லாம் பெட்டியில கட்டட்டா அம்மா?" என்று கேட்டாளாம்.

வியாழக்கிழமை காலை ஐறீன் டைரக்டரின் அறைக்குள் போனாள். கம்பளத்தில் சப்பாணி கட்டி இருந்து, கண்களை மூடினாள். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். பத்து நிமிடத்தில் பதினொரு பேரும் அங்கேதான். வகுப்புக்கு வந்த ரெனால்ட் மாஸ்டர் எங்கள் பக்தியைக் கண்டு நெகிழ்ந்துபோய் மணியை அடித்தார்.

"என்ன ஐறீன் இது? வேலை இல்லையோ?" டைரக்டர் பதறினார்.

"வேலை எதிர்காலம் சேர். நாங்க இந்தக் கணத்தில இருக்கிறம்."

"மாஸ்டர், எழும்பச் சொல்லுங்கோ!"

"ஏலாது சேர். சரியான ஆழத்துக்குப் போயிட்டாங்க."

வெளியே தொலைபேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. துறைமுகத்தில் மூன்று கொள்கலன்கள். அன்று மீட்காவிட்டால் தாமதக் கட்டணம் கம்பனியின் தலையில். அதற்குரிய பத்திரங்களோ என் மடியில். நான் ஏழு எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் டைரக்டர் தமது மேசை லாச்சியைத் திறந்தார். கண்ணைப் பாதி திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கட்டுக் காசோலைகள். எங்கள் பெயர்கள், தொகைகள், இரண்டு மாதத்துக்கு முந்திய திகதி, எல்லாம் இருந்தன. கையெழுத்து மட்டும் இல்லை.

"இன்னும் கொஞ்ச நாள் பாங்கில கிடந்திருந்தா நல்ல வட்டி" என்று முனகியபடி பேனாவை எடுத்தார்.

முதற் கையெழுத்தில் வியர்த்தது. நாலாவதில் தொகையை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். எட்டாவதில் நெஞ்சு ஏறி இறங்க, மாஸ்டர் ஓடிப்போய் முதுகைத் தடவினார். "மெல்ல சேர், மெல்ல விடுங்க."

அன்று பின்னேரமே ஐறீன் வாடகையைக் கொடுத்தாள். கொள்கலன்களும் வெளியே வந்தன.

மூச்சுப் பயிற்சியை நான் குறை சொல்ல மாட்டேன். பணக்கவலையால் ஒரு மனிதர் மூச்சுத் திணறியதை என் கண்ணாலே கண்டவன் நான். ஒரேயொரு குறிப்பு: கவலை அவருடையது, பணம் எங்களுடையது.