வண்டிக்குப் பனியன் போட்ட கதை

புத்தகத்தில் படித்ததையெல்லாம் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால், எங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களை நான் அப்படி நனைத்திருக்க மாட்டேன்.

அறுபதுகளில் நடந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. உலகத்தில் தெரியாதது ஒன்றுமில்லை (பிறகு ஒவ்வொன்றாக மறந்துவிட்டது). நூலகத்தில் ஒரு அமெரிக்கச் சிறுவர் கதை தமிழில் கிடைத்தது. அட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டதால் அதன் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு குடும்பம் சட்டிபானையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மனுஷ நடமாட்டமே இல்லாத புல்வெளியைத் தாண்டி மேற்கே குடியேறப் போகிறது. ஓநாய் வருகிறது, பனி கொட்டுகிறது, அப்பா மரத்தை வெட்டி வீடு கட்டுகிறார். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்த வண்டிதான். வளைத்த கம்புகளின் மேல் வெள்ளைத் துணி போர்த்திய வண்டி. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது (நினைக்காத நேரத்தில் நன்றாகவே இறங்கியது).

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் பனியன் கம்பெனி. கம்பெனி என்றால் மூன்று மெஷின். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, கதையில் நல்ல நல்ல இடங்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன். அப்பாவும் ஊரில் உழுதுகொண்டிருந்த காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டு, ஒற்றை மெஷினை நம்பித் திருப்பூருக்கு வந்தவர். "நம்மளாட்டத்தான் கண்ணு, பாவம்" என்று அந்த அமெரிக்க அப்பாவை ஏதோ பங்காளி மாதிரி விசாரிப்பார். அவர்கள் வீட்டில் காலுறையைக் கையாலேயே பின்னுகிறார்கள் என்று படித்த அன்று மட்டும் மெஷினை நிறுத்திவிட்டார்.

"கையிலயா? ஒரு சோடி முடியறதுக்குள்ள பனிக்காலமே போயிருமே! அவிகள இங்க வரச் சொல்லு கண்ணு, நாம போட்டுக் குடுக்கலாம்."

இப்படி இருக்கையில் அக்காவுக்கு மூன்றாவது இடம் வந்தது. சரஸ்வதி அக்கா நல்ல உயரம். அதற்கு முன் வந்த இரண்டு இடத்துக்காரர்களும் ஒப்பிட்டு என்கிற போளியைத் தின்று, காபி குடித்து, "சொல்லி அனுப்பறமுங்க" என்று போனவர்கள்தான். பெண் மாப்பிள்ளையைவிட உயரம், முகத்தில் சிரிப்பே இல்லை என்று தரகர் வழியாகத் தகவல் வந்தது. அக்கா வெங்காயம் தேவைப்படாத நாளிலும் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள்.

இந்த மாப்பிள்ளை அவிநாசிபாளையம். ஆறடிக்குக் குறையாது என்றார்கள். இதுவும் தட்டிப்போனால் தாங்காது என்று அம்மா முருகனுக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டாள் (அப்பாவின் முடியை).

பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களை அழைத்துவர, நூல் வியாபாரி காதர் பாய் தன் கூண்டு வண்டியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலையில் பார்த்து அதன் அச்சு முறிந்தது. எங்களிடம் இருந்ததோ பனியன் மூட்டை ஏற்றும் மொட்டை வண்டி. அதற்குக் கூரை கிடையாது. ஐப்பசி மாதம், வானம் வேறு கருத்திருந்தது.

"ஒறம்பரைய மூட்டையாட்ட ஏத்தீட்டு வருவீங்களா?" என்று விருந்தாளிகளை நினைத்து அம்மா தலையில் கை வைத்தாள்.

என் வாழ்க்கை காத்திருந்த தருணம் அதுதான். கம்பெனியில் கழித்துப் போட்ட வெள்ளைப் பனியன் துணி குவிந்து கிடந்தது. மூங்கில் பிளாச்சுகளை வளைத்து வண்டியின் இரண்டு பக்கமும் கட்டினோம். துணியைப் பிரித்து, சேர்த்துத் தைத்து, மேலே இழுத்து மாட்டினோம். பனியன் துணி அல்லவா, இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. தள்ளி நின்று பார்த்தால் அசல் அமெரிக்கா.

"மழ வந்துச்சுன்னா?" என்றாள் அம்மா.

"அமெரிக்காவுல வராத மழயாங்கம்மா?" என்றேன். அப்பாவும் "அதானே" என்றார். "எங்க பனியன் ஒரு சொட்டு வேர்வையும் விடாதுங்க, அத்தனையும் குடிச்சுக்கும்" என்று கடை கடையாகச் சொல்லி விற்ற மனுஷர் அவர்!

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் ஒரு மாமனும் பஸ்ஸைவிட்டு இறங்கி, வண்டியை ஒரு நிமிஷம் சுற்றிப் பார்த்துவிட்டு, மரியாதைக்காக ஒன்றும் கேட்காமல் ஏறினார்கள். அப்பா ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓநாய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாதி வழியில் மழை பிடித்தது. முதலில் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வளைவுகளுக்கு நடுவில், மாப்பிள்ளையின் அம்மா தலைக்கு நேராக, துணி தொந்தி போட்டிருந்தது. பார்க்கப் பார்க்கத் தொந்தி இறங்கியது.

"ஏனுங் தம்பி, மேல என்னமோ தொங்குதுங்களே?" என்றார் அந்தம்மா.

"ஒண்ணுமில்லீங்கக்கா, துணி சித்தெ தண்ணி குடிக்குதுங்க" என்றார் அப்பா.

பக்கத்திலிருந்த மாப்பிள்ளை உயரமானவர் என்பதால் தொந்தி முதலில் அவர் மண்டையில்தான் இடித்தது. இரண்டு கையையும் தூக்கி அதைத் தாங்கினார். அங்கே தூக்கினால் தண்ணீர் நகர்ந்து மாமன் தலைக்கு மேல் போய்த் தொங்கியது. மாமன் அலறினார். மாப்பிள்ளை முட்டிபோட்டு, நகர்ந்து, மொத்தத் தண்ணீரையும் நடுவில் கூட்டிப் பிடித்துக்கொண்டார். கோவர்த்தன மலையைத் தூக்கிய கிருஷ்ணர்கூட இத்தனை குலுக்கலில் தூக்கியிருக்க மாட்டார். அக்காவின் மூன்றாவது இடத்தை நானே கெடுத்துவிட்டேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஜன்னலுக்குள் அக்கா பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். "அம்மாவ மொதல்ல எறக்குங்க" என்றார் மாப்பிள்ளை, கையைத் தாழ்த்தாமல். அந்தம்மா இறங்கினார். மாமன் குதித்தார். அப்பா இருந்த பதற்றத்தில், இன்னும் ஓர் ஆள் உள்ளே இருப்பதை மறந்து மாடுகளை அவிழ்த்துவிட்டார். வண்டி முன்பக்கம் சாய்ந்தது. பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றதும் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். அன்றைக்கும் கூரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சர்ரென்று பிரிந்தது. ஐப்பசி மழை முழுவதும் மாப்பிள்ளை தலையில் இறங்கியது. அவர் அப்போதும் கையைத் தூக்கியபடியே இருந்தார்.

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பெண் பார்க்கும் அன்று பெண் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கச் சிரித்தாள் அக்கா. அம்மா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். மாப்பிள்ளை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். அவரும் சிரித்துவிட்டார்.

"பொண்ணு சிரிக்காதுன்னு தரகர் சொன்னாருங்களே?" என்று அந்தம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

பிறகு கம்பெனியிலிருந்து புதுப் பனியனும் அப்பாவின் வேட்டியும் கொடுத்தோம். பெண் பார்த்தது அந்தக் கோலத்தில்தான். தை மாதம் கல்யாணம். அப்பா மொட்டைத் தலையோடு தாரை வார்த்தார்.

ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மழை ஒழுகாமலிருக்க வண்டித் துணிக்கு எண்ணெய் பூசும் பக்கம் பத்திரமாக இருந்தது. கதையில் வேலை விவரம் வருகிற பக்கங்களைத் தாண்டிப் படிப்பது என் வழக்கம் (இப்போதும்தான்).

போன வருஷம் அக்காவின் பேத்திக்குக் கல்யாணம். பந்தலில் மழை பிடித்து, தார்ப்பாய் ஓரிடத்தில் லேசாகத் தொங்கியது. அன்றைய மாப்பிள்ளை, இன்றைக்கு எண்பது வயது மாமா, நாற்காலியைவிட்டு எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். பந்தலே சிரித்தது. அக்கா வெற்றிலை மடித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"கையக் கீழ போடுங்க. நான் அன்னிக்கே சரின்னுட்டனுங்க."